ஐந்து உருப்படி, மூன்று நாள்: துணிப் பெட்டி வரவழைக்கலாமா?

கேள்வி: அக்கா, நான் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறேன். ஆறு வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு அடுத்த மாதம் வேலைக்குச் சேர்கிறேன். வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் போக வேண்டும். அலமாரியைத் திறந்தால் குர்தியும் லெகிங்ஸும்தான். உயரம் 5 அடி. இரண்டு சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாலுக்குப் போய் ட்ரையல் ரூமில் நிற்பது நடக்கிற காரியமில்லை. ஸ்டிட்ச் ஃபிக்ஸ் மாதிரி நமக்கேற்றதாகத் துணி தேர்ந்தெடுத்து வீட்டுக்கே பெட்டி அனுப்புகிறார்களே, எடுத்துப் பார்க்கலாமா? மாதாமாதம் கார்டில் பணம் பிடித்துக்கொண்டே இருப்பார்களா? வந்ததையெல்லாம் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: எடுத்துப் பாருங்கள். ஆனால் இப்போதைக்கு ஒரே ஒரு பெட்டி, அதுவும் பேன்ட்டை மனதில் வைத்து. ஏன் பேன்ட் என்று அப்புறம் சொல்கிறேன். உங்கள் பயம் கார்டைப் பற்றியது என்பதால் முதலில் பணக் கணக்கு.

'சந்தா' என்றதும் கேபிள் டிவி மாதிரி மாதம் பிறந்தால் பணம் போகும் என்று நினைக்கிறோம். ஸ்டிட்ச் ஃபிக்ஸில் அப்படி மாதக் கட்டணம் கிடையாது. ஒரு பெட்டிக்கு 20 டாலர், துணி தேர்ந்தெடுத்துத் தருபவருக்கான கூலி. வழக்கமாகப் பெட்டியில் 5 உருப்படி வரும். எதையாவது வைத்துக்கொண்டால் அந்த 20 டாலரை விலையில் கழித்துவிடுவார்கள். ஐந்தும் பிடிக்காமல் திருப்பி அனுப்பினால் 20 டாலர் போனது போனதுதான். திருப்பி அனுப்புவதற்குத் தபால் செலவு கட்டிய பை உள்ளேயே இருக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று, மாதம் ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று தானாக வரவைக்கவும் வழி உண்டு; வேண்டும்போது மட்டும் கேட்டு வாங்கவும் வழி உண்டு. கணக்குத் தொடங்கும்போது இந்த ஒரு இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். தானாக வரும் ஏற்பாடு தேர்வாகியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

உண்மையான கண்ணி வேறு இடத்தில் இருக்கிறது. பெட்டி வந்த நாளிலிருந்து உங்களுக்கு 3 நாள். அதற்குள் எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லி, வேண்டாததைத் தபாலில் சேர்க்க வேண்டும். சும்மா இருந்துவிட்டால் மொத்தத்தையும் நீங்கள் வாங்கிக்கொண்டதாகக் கார்டில் எழுதிவிடுவார்கள். கூடுதல் நாள் கேட்டால் கொடுப்பதுண்டு, ஆனால் கேட்க வேண்டும். அதனால் சனிக்கிழமையை ஒட்டி வந்து சேரும்படி தேதி போடுங்கள்.

அடுத்தது 25 சதவீதத் தள்ளுபடி. ஐந்தையும் வைத்துக்கொண்டால்தான் அது கிடைக்கும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பெட்டியில் 58, 68, 44, 78, 52 டாலரில் ஐந்து உருப்படி என்று வையுங்கள். மொத்தம் 300. ஐந்தையும் வைத்துக்கொண்டால் 75 தள்ளுபடி போக 225, அந்த 20-ஐயும் கழித்தால் 205 வாக்கில் வரும். கடைசி 52 டாலர் டாப் மட்டும் பிடிக்கவில்லை, நான்கை வைத்துக்கொள்கிறீர்கள் என்றால் 248-இல் 20 போக 228. அதாவது பிடிக்காத ஐந்தாவதையும் சேர்த்து வாங்கினால் 23 டாலர் மிச்சம்! நான்கு பிடித்திருந்தால் ஐந்தாவதைத் தோழிக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் மூன்றுதான் பிடித்திருக்கிறது, அவை முதல் மூன்று என்றால் 150-இல் வேலை முடிகிறது. அங்கே 'இன்னும் 55 டாலர்தானே, இரண்டு துணி கிடைக்கிறதே' என்று மனசு பேரம் பேசும். ஆடித் தள்ளுபடியில் தி.நகரில் நாம் ஏமாறுகிற அதே இடம். பிடிக்காத துணி அலமாரியில்தான் தொங்கும். உங்களுக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம்: நியூ ஜெர்சியில் துணிக்கு விற்பனை வரி இல்லை. டெக்சாஸ்காரர்கள் மேலே 8.25 சதவீதம் வரை கட்டுகிறார்கள்.

அவர்கள் ஏன் ஐந்தையும் தலையில் கட்டத் துடிக்கிறார்கள்? திரும்பி வரும் துணிதான் இந்தத் தொழிலைத் தின்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்பது வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள் நான். ஒரு பீஸைப் பிரித்து, வெளிச்சத்தில் கறை பார்த்து, மடித்து, மறுபடி கவரில் போடும் வேலைக்கு எத்தனை கை வேண்டும் என்று தெரியும். அதை அமெரிக்கக் கூலியில், இரண்டு பக்கமும் தபால் செலவோடு செய்கிறார்கள். கத்ரீனா லேக் என்பவர் ஹார்வர்டில் எம்.பி.ஏ. படிக்கும்போது 2011-இல் தொடங்கியது ஸ்டிட்ச் ஃபிக்ஸ்; 2017-இல் பங்குச் சந்தைக்கு வந்தது; பிரிட்டனிலும் கடை விரித்து 2023-இல் மூடிக்கொண்டது. நார்ட்ஸ்ட்ராம் கடைக்காரர்கள் 2014-இல் வாங்கிய ட்ரங்க் கிளப் என்ற இதே மாதிரிப் பெட்டிச் சேவை 2022-இல் நின்றுபோனது. போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டும் வசதியை அமேசானே 2025 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. அவர்களுக்கு நஷ்டம் வராமல் இருக்கவும் உங்களுக்கு 20 டாலர் வீணாகாமல் இருக்கவும் ஒரே வழிதான்: முதல் பெட்டியிலேயே அளவு சரியாக விழ வேண்டும்.

இப்போது டேப்பை எடுங்கள்.

நம் பெண்கள் செய்யும் முதல் தப்பு, டெய்லரிடம் கொடுக்கிற ப்ளவுஸ் அளவை அப்படியே எழுதுவது. சேலை ப்ளவுஸ் உடம்பை ஒட்டித் தைப்பது. சட்டை அப்படியில்லை. 36 அங்குல உடம்புக்கான ஆபீஸ் சட்டை, தைத்து முடித்தபின் 39, 40 இருக்கும். ப்ளவுஸ் பழக்கத்தில் சட்டையையும் இறுக்கமாகக் கேட்டால் கையைத் தூக்கும்போது பட்டனுக்கு நடுவே வாய் பிளக்கும். இரண்டாவது தப்பு, ஊரில் எல் போட்டேன், இங்கேயும் எல் என்பது. இங்கே எம்மோ எஸ்ஸோகூட உங்களுக்குச் சரியாக வரலாம்.

இன்னொரு தொழில் ரகசியம் சொல்கிறேன். பின்னலாடையில் மார்புச் சுற்றளவுக்கு அரை அங்குலம் கூடவோ குறையவோ இருந்தால் பாஸ் என்று பல பையர்கள், அதாவது ஆர்டர் கொடுக்கும் கம்பெனிக்காரர்கள், ஒத்துக்கொள்வார்கள். அப்படியென்றால் ஒரே பிராண்ட், ஒரே எம் சைஸ், இரண்டு பீஸுக்கு நடுவே ஒரு அங்குலம் வித்தியாசம் இருந்தாலும் இரண்டும் நல்ல பீஸ்தான். அதனால் சைஸ் எழுத்தை நம்பி உட்காராதீர்கள். வீட்டில் உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு டாப்பையும் ஒரு பேன்ட்டையும் தரையில் சுருக்கமில்லாமல் விரித்துப் போடுங்கள். டாப்பில் ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் வரை, ஒரு தோள் முனையிலிருந்து மறு தோள் வரை. பேன்ட்டில் கவட்டைத் தையலிலிருந்து கீழ் மடிப்பு வரை. இதற்குப் பெயர் இன்சீம். அதே கவட்டைத் தையலிலிருந்து மேலே இடுப்புப் பட்டி வரை, அது ரைஸ். இந்த நான்கு எண்ணும் கையில் இருந்தால் போதும்.

பேன்ட் என்று ஏன் சொன்னேன் என்றால், 5 அடி உயரத்துக்கு இங்கே கடையில் கிடைக்காத பொருள் அதுதான். பெட்டீட் என்பது 5 அடி 4 அங்குலமும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கான வெட்டு. 'நீளத்தைக் கீழே வெட்டித் தைத்துக்கொண்டால் ஆச்சு' என்று நினைப்போம். ஆகாது. சாதாரண பேன்ட்டில் முட்டிக்காகக் குறுக்கி வெட்டிய இடம் உயரமான ஆளுக்கு ஏற்ற மாதிரி கீழே இருக்கும். நீங்கள் போட்டால் அந்தக் குறுகல் முட்டிக்குக் கீழே, கெண்டைக்காலில் வந்து நிற்கும். கீழே மூன்று அங்குலம் வெட்டினால் பேன்ட்டின் வடிவமே போய், குழாய் மாதிரி ஆகிவிடும். ரைஸும் நீளமாக இருப்பதால் பட்டி விலா எலும்பைத் தொடும். பெட்டீட்டில் முட்டி, ரைஸ், கைத்துளை எல்லாமே மேலே ஏறியிருக்கும். கணுக்காலோடு நிற்கும் பேன்ட் உங்கள் உயரத்துக்கு 25 அங்குல இன்சீமை ஒட்டி இருந்தால் போதும். மாலில் பெட்டீட் பகுதி ஒரு மூலையில் இரண்டு ஸ்டாண்டுதான். பெட்டி வரவழைப்பதில் கிடைக்கும் பெரிய லாபம் இந்த இடத்தில்தான். டீ ஷர்ட்டுக்கு இந்தச் சேவை தண்டச் செலவு.

தேர்ந்தெடுப்பவருக்குக் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கும். பலரும் அங்கே 'அழகாக, எளிமையாக வேண்டும்' என்று எழுதுகிறார்கள். அது யாருக்கும் உதவாது. உங்கள் இடத்தில் நான் இப்படி எழுதுவேன்: "உயரம் 5 அடி. பெட்டீட் இல்லாத பேன்ட் எதையும் அனுப்ப வேண்டாம். இரண்டு பேன்ட், மூன்று டாப், இரண்டோடும் மூன்றும் சேர வேண்டும். கருப்பு ஏற்கெனவே உண்டு. நேவி அல்லது ஆலிவ் பச்சை வேண்டும். கையில்லாத சட்டை, ஆழமான கழுத்து அணிய மாட்டேன். ஆபீஸில் ஏசி குளிரும். டிரை கிளீனிங் துணி வேண்டாம், வாஷிங் மெஷினில் போட வேண்டும். ஒரு உருப்படி 70 டாலருக்கு மேல் போகக் கூடாது." சிசேரியன் தழும்பில் பட்டி உரசும் என்றால் அதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள், ரைஸ் தேர்வே மாறும். முதலில் கணினி சலித்துக் கொடுக்கும், அதற்குள்ளிருந்துதான் ஆள் எடுக்கிறார். அந்தக் கணினிக் கணிப்புப் பிரிவைக் கட்டியவர் நெட்ஃபிளிக்ஸிலிருந்து வந்த எரிக் கோல்சன் என்றால் புரிந்துகொள்ளுங்கள். படம் சிபாரிசு செய்கிற அதே மாதிரிதான். செயலியில் வரும் துணிப் படங்களுக்குக் கட்டைவிரல் காட்டும் விளையாட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். என் மகள் அழுத்திய அழுத்தில் ஒரு முறை எனக்குச் சிறுத்தைப் புள்ளிச் சட்டை வந்தது.

அனுப்புவதற்கு முன்பே பட்டியலைப் பார்த்து எடுக்கும் வசதி வந்தால் விடாதீர்கள்.

பெட்டி வந்த பிறகு சமையல் முடித்து, குளித்துவிட்டுத்தான் பிரியுங்கள். டேக் இருக்க வேண்டும், வாசனை இருக்கக் கூடாது. தாளிப்பு வாசமும் சாம்பிராணிப் புகையும் துணியில் ஒட்டினால் லேசில் போகாது. கையில் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். பேன்ட்டைப் போட்டுக்கொண்டு நின்று மட்டும் பார்த்தால் போதாது. நாற்காலியில் உட்காருங்கள், குனிந்து பிள்ளையின் ஷூ நாடாவைக் கட்டுங்கள். பின்பட்டி முதுகை விட்டு எட்டி நின்றால் அது உங்கள் பேன்ட் இல்லை. பிறகு உள்பக்க லேபிளைப் படியுங்கள். என்ன நூல், எத்தனை சதவீதம், எந்த நாட்டில் தைத்தது என்று போட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். பருத்திப் பின்னல் துவைத்தால் நீளத்தில் 5 சதவீதம் சுருங்கலாம். 24 அங்குல டாப் ஒரு அங்குலத்துக்கு மேல் ஏறிவிடும். இப்போதே இடுப்பில் நிற்கும் டாப் என்றால் யோசியுங்கள். பெட்டியில் வருவதில் பல, அந்த நிறுவனத்துக்கென்றே தைத்த பிராண்டுகள். 41 ஹாத்தார்ன், மார்க்கெட் அண்ட் ஸ்ப்ரூஸ் போன்ற பெயர்களை வேறு கடையில் விலை ஒப்பிட முடியாது. துணியைத் தடவிப் பார்த்து நீங்களேதான் விலை மதிக்க வேண்டும்.

திருப்பும்போது காரணம் கேட்பார்கள். 'பிடிக்கவில்லை' என்று விட்டுவிடாமல் 'தோள் அரை அங்குலம் இறங்குகிறது' என்று எழுதுங்கள். இரண்டாவது பெட்டி எடுத்தால் அங்கேதான் பலன் தெரியும். முதல் பெட்டியில் ஒரு பேன்ட்கூடச் சரியாக அமையவில்லை என்றால் மூன்றாவது, நான்காவது என்று போகாதீர்கள். வாடகைக்குத் துணி தரும் நூலி மாதிரியான சேவை வேறு ரகம். அங்கே மாதம் 100 டாலருக்குக் கொஞ்சம் குறைவாக, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் போய்க்கொண்டே இருக்கும். வாரம் மூன்று நாள் ஆபீஸுக்கு அது தேவையில்லை.

கடைசியாக அந்தத் தபால் பை. சில வருஷத்துக்கு முன்னால் வேறொரு பெட்டிச் சேவையில் நான்கு துணியைத் திருப்பினேன். அபார்ட்மென்ட் லாபியில் தபால்காரர் எடுத்துக்கொள்வார் என்று வைத்துவிட்டு வந்தேன். பை எங்கேயும் ஸ்கேன் ஆகவில்லை. கார்டில் முழுத் தொகையும் விழுந்தது. 'நான் அனுப்பினேன்' என்பதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பணம் திரும்பி வர மூன்று வாரம், ஏழெட்டு போன். பையைத் தபால் அலுவலகக் கவுன்டரில் கொடுத்து, ரசீது வாங்கி, பையோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும், மன்னியுங்கள்.