சினிமா வசனத்தில் யார் யாருக்கு ‘ங்க’ போடுகிறார்கள்?

கேள்வி: தமிழ் சினிமாவில் ஒரு கதாபாத்திரம் மரியாதையாகப் பேசுவதையும் பேசாததையும் எது முடிவு செய்கிறது? வயதா, பணமா, சாதியா, பதவியா?

எல்லாமும்தான், ஆனால் எல்லாம் ஒரே எடை இல்லை. இரண்டு மோதும்போது எது ஜெயிக்கிறது என்று பாருங்கள், அந்தப் படத்தின் உலகத்தில் அதிகாரம் யார் கையில் என்று தெரிந்துவிடும். எண்பது, தொண்ணூறுகளின் கிராமத்துப் படங்களில் பண்ணையார் வீட்டுப் பொடியன் நரைத்த தலைப் பண்ணையாளைப் பார்த்து ‘நீ’, ‘வா’, ‘போ’ என்பான். பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ‘சின்னய்யா’ என்பார். வயதுக்கு மரியாதை தருகிற சமூகம் என்று நாம் பீற்றிக்கொள்வதெல்லாம் அங்கே செல்லாக்காசு. அந்தப் படங்கள் பலவற்றில் இது ஒரு விஷயமாகவே காட்டப்படாது, கிராமம் என்றால் இப்படித்தான் என்று பின்னணியில் போய்க்கொண்டிருக்கும்.

சரி, ‘டா’ போட்டாலே அவமரியாதையா? நண்பர்கள் ‘டேய்’ என்கிறார்கள், காதலி ‘போடா’ என்கிறாள், இன்ஸ்பெக்டரும் கைதியை ‘வாடா’ என்கிறார். நான் கவனிப்பது, அதே சொல்லைத் திருப்பிச் சொல்ல எதிராளியால் முடியுமா என்பதைத்தான். ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இருவர் ஐரோப்பிய மொழிகளின் ‘நீ’, ‘நீங்கள்’ பற்றி 1960இல் எழுதிய கட்டுரையும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது: இரண்டு பக்கமும் ‘நீ’ என்றால் நெருக்கம், இரண்டு பக்கமும் ‘நீங்கள்’ என்றால் விலகல், ஒருவர் ‘நீ’ சொல்ல மற்றவர் ‘நீங்கள்’ சொன்னால் அங்கே மேல் கீழ் இருக்கிறது. பழைய படங்களின் கணவன் மனைவியை இதில் வைத்துப் பாருங்கள். அவள் ‘என்னங்க’, அவர் ‘ஏய்’. கொஞ்சுகிற காட்சியிலும் அந்த ஏற்பாடு மாறாது. இப்போதைய படங்களில் மனைவி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், ‘டா’ கூடப் போடுகிறாள், மாமியார் உள்ளே வந்ததும் மட்டும் ஒரு ‘ங்க’ வந்து ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது போலீஸ் ஸ்டேஷன் காட்சி. எத்தனையோ படங்களில் பார்த்திருப்பீர்கள். கசங்கிய சட்டையோடு ஒருவர் புகார் கொடுக்க வருகிறார், ஏட்டு நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ‘என்னய்யா?’ என்கிறார். வந்தவர் பதறாமல், திருத்தமாகப் பேசுகிறார். ஏட்டுக்கு லேசாகச் சந்தேகம் தட்டுகிறது. உடனே கேள்விகள் மாறும்: ‘பேரு என்ன? எந்த ஊரு? என்ன வேலை?’ இதில் ‘நீ’யும் இல்லை, ‘நீங்க’வும் இல்லை. ஆள் யாரென்று தெரியாதவரை தமிழில் இப்படி மொட்டையாகவே பேசி ஒப்பேற்றிவிடலாம். அப்புறம் மேலிடத்திலிருந்து போன் வரும். ‘உக்காருங்க சார்... டேய், சாருக்கு ஒரு டீ சொல்லுடா!’ தியேட்டரில் சிரிப்பு கிளம்புவது ‘சார்’ வந்த இடத்தில், ஆனால் காட்சியை முழுமையாக்குவது அந்த ‘டேய்’தான். மேலே கொடுத்த மரியாதையைக் கீழே ஒருவனிடம் வசூல் பண்ணியாக வேண்டும். சுமாரான வசனகர்த்தா ‘என்னய்யா’விலிருந்து நேராக ‘சார்’ருக்குத் தாவிவிடுவார். கெட்டிக்காரர் நடுவில் அந்த மூன்று மொட்டைக் கேள்விகளை வைப்பார்.

பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற மொழியியலாளர்கள் இதற்கு ஒரு கணக்கே போட்டார்கள். எதிராளியின் அதிகாரம், இருவருக்கும் உள்ள இடைவெளி, கேட்கிற காரியத்தின் பளு, இந்த மூன்றும் கூடக் கூடப் பேச்சில் பணிவு கூடும் என்பது அவர்கள் வாதம். (கோவை மாவட்டக் கிராமம் ஒன்றின் தமிழும் அவர்கள் ஆராய்ந்த பேச்சில் உண்டு.) நிஜ வாழ்க்கைக்கு நன்றாகவே பொருந்துகிறது. சினிமா வில்லனுக்குப் போட்டால் உதைக்கிறது. அடியாட்கள் சூழ உட்கார்ந்திருப்பவன் எதிரே நிற்கிற சாதாரணனிடம், ‘உட்காருங்க தம்பி, காபி சாப்பிடுங்க, அம்மா நல்லா இருக்காங்களா?’ என்கிறான். யாருக்கும் பணிய வேண்டிய அவசியமே இல்லாதவன் பணிவாகப் பேசுகிறான் என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. ‘டேய்’ என்று கத்தியிருந்தால் பாதி பயம் போயிருக்கும்.

இதற்கு நேர் எதிர், கீழே இருப்பவன் மரியாதையை விடாமலே மேலே இருப்பவனைக் கவிழ்ப்பது. 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழக் காட்சியில் கவுண்டமணி திட்டாத திட்டு இல்லை, செந்தில் ஒரு இடத்திலும் ‘அண்ணே’வைக் கைவிடமாட்டார். அந்த ‘அதாண்ணே இது’வில் ‘ண்ணே’யை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள், காமெடி அவுட்.

வசனமே இல்லாமலும் இதெல்லாம் நடக்கும். ‘மாமன்னன்’ (2023) படத்தில் வடிவேலுவின் பாத்திரம் ஒரு எம்.எல்.ஏ., ஆனாலும் சொந்தக் கட்சிக்காரன் முன்னால் நாற்காலியில் உட்காராமல் நிற்கிறார், மகன் ‘உட்காருங்க’ என்று விடாப்பிடியாக நிற்கிறான். பதவியும் சாதியும் மோதுகிற இடம் அது. முன்பெல்லாம் பின்னணியில் கிடந்த விஷயத்தை மாரி செல்வராஜ் காட்சியின் நடுவே தூக்கி வைத்தார்.

கடைசியாக, நீங்கள் பட்டியலில் விட்டது ஒன்று: நடிகரின் மார்க்கெட். ஆட்டோ டிரைவராக நடித்தாலும் பெரிய ஹீரோ இடைவேளைக்குள் அமைச்சரை ‘நீ’ என்றுவிடுவார், விசில் பறக்கும். அடுத்த காட்சியிலேயே தெருவோரப் பாட்டியிடம் ‘சொல்லுங்கம்மா’ என்று குழைவார். மேலே ‘நீ’, கீழே ‘நீங்க’ என்று ஊர் வழக்கத்தைத் தலைகீழாக்குவதுதான் மாஸ் படத்தின் இலக்கணம், அதுவரை எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் கருணை ஹீரோயினுக்கு மட்டும் கிடையாது. அவள் கலெக்டராகவே இருந்தாலும் முதல் டூயட் முடிவதற்குள் ‘டி’ வந்துவிடும். பல படங்களில் அவள் பதிலுக்கு ‘டா’ போடுவதற்கு முன்பே ‘மாமா’ என்று கூப்பிட ஆரம்பித்திருப்பாள்.