நஞ்சையை விற்க முடியாது என்று பயமுறுத்துகிறார் புரோக்கர்; பவர் (நம் சார்பில் விற்க அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: சேலம் மாவட்டம் தேவூர் பக்கம் மேட்டூர் கிழக்குக்கரை வாய்க்கால் பாசனத்தில் எனக்கு 1 ஏக்கர் 40 சென்ட் நெல்வயல் இருக்கிறது. “வேளாண் மண்டலச் சட்டம் வந்தாச்சு, இனி நஞ்சையை விற்கவே முடியாது, இப்பவே பவர் கொடுத்தால் மனை போட்டுத் தள்ளிவிடுகிறேன்” என்கிறார் புரோக்கர். ரூ.50,000 டோக்கன் (முன்பணம்) வாங்கிவிட்டேன். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள்.

அவர் சொல்வது 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். அது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று டெல்டாவுக்காகப் போட்டது. சேலம் அதில் இல்லவே இல்லை. அங்கேயும் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை வைப்பது போன்றவற்றுக்குத்தான் தடை. விவசாயி தன் பட்டா நிலத்தை விற்பதை அது தடுக்கவில்லை.

உங்கள் வயலுக்குப் பொருந்துவது 1971-ம் வருட நகர் ஊரமைப்புச் சட்டம், பிரிவு 47-ஏ. வயலை வயலாகவே விற்க யாரையும் கேட்க வேண்டாம். மனையாக்கத்தான் ஊரமைப்புத் துறை அனுமதி, ஆட்சியரின் இசைவு எல்லாம் வேண்டும். அனுமதி இல்லாத மனையைப் பதிவாளர் பதியக் கூடாது. இது புரோக்கருக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் பவர் கேட்கிறார். வில்லங்கம் வந்தால் பட்டாவில் இருப்பது உங்கள் பெயர்.

“பவர்தானே, பிடிக்காவிட்டால் ரத்து பண்ணிக்கலாம்” என்பார்கள். சாதாரண பவரை ரத்து செய்யலாம், உண்மைதான். ஆனால் ஒரு விலக்கு உண்டு, அதில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். பவர் வாங்கியவருக்கே அந்தச் சொத்தில் பாத்தியதை (உரிமை) இருந்தால், 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம் 202-ம் பிரிவுப்படி அவர் பாத்தியதையைப் பாதிக்கும்படி அதை முறிக்க முடியாது. எழுதிக் கொடுத்தவர் இறந்தாலும் முடியாது. ஒரு அம்மா என்னிடம் கொண்டுவந்த பவர் பத்திரத்தில் மூன்றாம் பக்கத்தின் கடைசி வரி: “கிரயத் தொகையில் ஒரு பகுதியை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டபடியால் இந்த அதிகாரம் ரத்து செய்யத் தக்கதல்ல.” அந்த அம்மாவுக்கு யாரும் அதைப் படித்துக் காட்டவில்லை. அந்த ஒரு வரியை உடைக்க வருடக்கணக்கில் கோர்ட் படி ஏற வேண்டும். பவர் மட்டும் உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் வயலில் கல் நட்டவனை அகற்றுவது உங்கள் பாடு.

கல்லோடும் போகாது. இரவோடு இரவாகக் கிராவல் அடித்து மேடாக்குவார்கள், மடை அடைபடும். கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்கள் சேர்ந்து சுமார் 45,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. நடுவில் ஒரு வயல் மேடானால் கீழ்வயல்காரருக்குத் தண்ணீர் இல்லை, மேல்வயலில் தேங்கி நிற்கும். நெல்வயலில் நின்று இறங்கிய தண்ணீரை நம்பியிருந்த கிணறுகளும் வற்றும்.

முறையாக மனு போட்டவர் மாதக்கணக்கில் மேசை மேசையாக அலைகிறார். மண் அடித்தவனை ஏனென்று கேட்க ஆள் வருவதில்லை. நிலத்தைக் காக்கச் சட்டம் போட்டவர்கள், அறுத்த நெல்லைக் காலத்தில் எடுத்து உடனே பணம் தர ஏற்பாடு செய்திருந்தால் நீங்கள் புரோக்கரிடம் போயிருக்கவே மாட்டீர்கள்.

முதல் வேலையாக வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், உங்கள் சர்வே எண்ணில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று. பிறகு டோக்கன் பணத்தை வங்கி வழியாகவே திருப்பி அனுப்புங்கள், ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ‘எந்த ஒப்பந்தமும் இல்லை’ என்று பதிவு வசதியுள்ள விரைவுத் தபாலில் கடிதமும் போட்டு, ஒப்புகையைப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.