ஸ்டில்வெல் பக்கம் வரும் தம்பிக்கு

தம்பி, ஓக்லஹோமாவில் ஸ்டில்வெல் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, சுற்றிலும் அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்கள் என்கிறார்கள், மனைவி குழந்தையோடு வந்தால் ஒட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். பதினொரு வருடமாக இந்தப் பக்கம்தான் இருக்கிறோம். தைரியமாக வாருங்கள்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வாருங்கள். இவர்களுடைய பூர்வீகம் கிழக்கே ஜார்ஜியா, வட கரோலினா, டென்னசி மலைப்பக்கம். 1838-39இல் அமெரிக்க அரசு பட்டாளத்தை வைத்து அங்கிருந்து இந்தப் பக்கம் விரட்டியது. வழியிலேயே ஆயிரக்கணக்கானோர் செத்துப்போனார்கள். நாமும் ஊரை விட்டு வந்தவர்கள்தானே என்று பேச்சில் சேர்ந்துகொள்ளத் தோன்றும். வேண்டாம். நாம் விரும்பி வந்தவர்கள்.

அப்புறம், நீலக் கண்ணும் செம்பட்டை முடியுமாக இருப்பவரும் செரோக்கியாக இருக்கலாம். முன்னோர் ஒருவர் பெயர் டாஸ் பட்டியலில் (அமெரிக்க அரசு அந்தக் காலத்தில் எடுத்த பூர்வகுடிப் பதிவேடு) இருந்தால், இவர்களுடைய சொந்த அரசான செரோக்கி நேஷனின் குடியுரிமை உண்டு, நிறம் கணக்கில்லை. முதல் வருடம் கூட வேலை பார்த்த அம்மாவிடம், "உங்களைப் பார்த்தால் தெரியவில்லையே" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். அது இன்னும் உறுத்துகிறது.

இங்கே ஒட்ட வேண்டுமென்றால் ஊர் வேலையில் கைகொடுக்க வேண்டும். 'கடூகி' என்பார்கள், ஊரே கூடிச் செய்வது. நம் குடிமராமத்து மாதிரி. பக்கத்தில் பெல் என்று ஒரு சிற்றூர். 1980களின் தொடக்கத்தில் அங்கே பல வீடுகளில் குழாய்த் தண்ணீர் இல்லை. ஊர்க்காரர்களே பள்ளம் தோண்டி, சுமார் 16 மைலுக்குக் குழாய் பதித்தார்கள். அதை முன்னின்று நடத்திய வில்மா மேன்கில்லர்தான் 1985இல் செரோக்கி நேஷனின் முதல் பெண் தலைவரானார். யார் வீட்டிலாவது விறகு வெட்டுகிறார்கள், சர்ச்சில் விருந்துக்குச் சமைக்கிறார்கள் என்றால் கூப்பிடட்டும் என்று காத்திருக்காதீர்கள், போய் நில்லுங்கள்.

கார் இல்லாமல் முடியாது. நம் ஊர் மளிகைக்கு பக்கத்து ஆர்கன்சா மாநிலத்து பென்டன்வில் போக வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குழந்தையை செரோக்கி நேஷனின் தலைநகரான தாலெக்வாவுக்குக் கூட்டிப்போங்கள், தெருப் பலகைகளில் சீக்வோயா என்ற செரோக்கிக்காரர் உருவாக்கிய செரோக்கி எழுத்து இருக்கும். ஓர் அசைக்கு ஓர் எழுத்து, நம் உயிர்மெய் போலத்தான். என் மகள் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

முடிந்தால் மார்ச்சுக்குள் வந்துவிடுங்கள். ஓடைக்கரையில் காட்டு வெங்காயம் முளைக்கும் நேரம். பக்கத்து வீட்டுப் பாட்டி வேரில் மண் போக அலசி, ஒரு பை நிறையக் கொண்டுவந்து தருவார். தாளோடு பொடியாக நறுக்கி வதக்கி, முட்டை ஊற்றிக் கிளறுவது அவர்கள் பக்குவம். பையைத் திருப்பிக் கொடுக்கும்போது 'வாடோ' என்று சொல்லுங்கள், நன்றி என்று அர்த்தம்.