இளகின மனசுக்கு டாக்டர் படிப்பு ஒத்துவருமா?

மன்னார்குடியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் மகள் வாங்கியிருக்கும் நீட் மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்துவிடும் போலத்தான் தெரிகிறது. ஆனால் உங்கள் கவலை அது இல்லை. அப்பாயியின் சர்க்கரைப் புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்றியவள் அவள்தான். மாற்றிவிட்டு ராத்திரியில் தனியாக அழுவாள் என்று எழுதியிருக்கிறீர்கள். "இவ்வளவு இளகின மனசு வார்டில் தாங்காது" என்பது உங்கள் வீட்டுக்காரரின் கட்சி.

அழுகையை விடுங்கள். கட்டு மாற்றும்போது அவள் கை பாதியில் நின்றுபோனதா, வேலையைத் தொடர்ந்து செய்ததா? அதுதான் எனக்கு முக்கியம்.

அமெரிக்க உளவியலாளர் மார்க் டேவிஸ் 1980-களில் ஒத்துணர்வை, அதாவது அடுத்தவர் மனசைப் புரிந்து உணர்கிற தன்மையை, நான்கு கூறுகளாகப் பிரித்து அளக்க ஒரு வினாத்தாள் தயாரித்தார். அதில் ஒன்று, கதையில் வருபவர்களோடு ஒன்றிப்போவது. சீரியல் பார்த்து அழுகிறவர்கள் அந்த ரகம். இங்கே அது வேண்டாம். மற்ற மூன்று: அடுத்தவர் இடத்திலிருந்து யோசிப்பது, அவர்மேல் அக்கறை கொள்வது, அவருடைய வலியைப் பார்த்துத் தானே கலங்கிப்போவது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் இளகின மனசாகத்தான் தெரியும். ஆனால் மூன்றாவது மிஞ்சிப்போனால் ஆள் நோயாளியை விட்டு விலகத்தான் பார்ப்பார். உங்கள் மகள் விலகவில்லை. முதலில் வேலையை முடித்துவிட்டு அப்புறம் அழுதிருக்கிறாள்.

அடுத்தவர் இடத்திலிருந்து யோசிப்பது வேலையில் எப்படி இருக்கும் என்று கேட்டால், நடவு நேரத்தில் திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து காலில் புண்ணோடு ஒரு அம்மா ஓ.பி.க்கு வருகிறார் என்று வையுங்கள். "காலில் ஈரம் படக்கூடாது, செருப்பில்லாமல் நடக்காதீங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுப்பது சுலபம். அவரோ மறுநாள் காலையில் முட்டியளவு சேற்றில் நிற்பார். "நடவுக்குப் போறீங்களா? எத்தனை நாள் வேலை இருக்கு? வீட்டில் வேற யாரு சம்பாதிக்கிறாங்க?" என்று கேட்கிற மாணவிக்குத்தான் அந்தச் சீட்டு வேலைக்கு ஆகாது என்று புரியும். இதற்குக் கண்ணீர் தேவையில்லை. கேட்கிற பழக்கம் வேண்டும். அதைக் கற்றுக்கொள்ளவும் முடியும். 2019-இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 'ஏட்காம்' என்ற பெயரில் நோயாளியிடம் பேசும் முறையும் மருத்துவ அறமும் பாடமாகவே சேர்க்கப்பட்டிருக்கின்றன. வாத்தியார் அக்கறையோடு நடத்தினால் பலன் உண்டு. கையெழுத்துக்காக நடத்தினால் இல்லை.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. மருத்துவ மாணவர்களின் ஒத்துணர்வை அளக்கவே 20 கேள்விகள் கொண்ட ஜெஃபர்சன் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. அதை வைத்து அமெரிக்காவில் நடந்து 2009-இல் வெளியான ஒரு ஆய்வில், மூன்றாம் ஆண்டில், அதாவது அங்கே மாணவர்கள் முழுநேரமும் வார்டுக்குள் இறங்கும் ஆண்டில், ஒத்துணர்வு மதிப்பெண் சரிந்தது. எல்லா நாட்டிலும் அப்படியே நடப்பதில்லை. ஆனாலும் இளகி வருகிற பிள்ளை இறுகிப்போகக் காரணங்கள் நம் ஊர் ஹாஸ்டலிலும் இருக்கின்றன: தூக்கமின்மை, விடாத பரீட்சை, எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தும் சீனியர், கேட்க ஆளில்லாத தனிமை. மனம் களைத்துப்போனால் நோயாளி "பதினாலாம் பெட்" ஆகிவிடுவார். அது திமிர் இல்லை. தாங்க முடியாத மனசு போட்டுக்கொள்ளும் கவசம்.

அதனால் அவள் சேர்ந்த பிறகு போனில் "மார்க் என்ன, சாப்பிட்டியா" என்பதோடு நிறுத்தாதீர்கள். "இன்னிக்கு யாரைப் பார்த்தே?" என்றும் கேளுங்கள். சொல்லி அழுதால் அழட்டும். எதைப் பற்றியும் பேச்சே இல்லை, தூக்கம் இல்லை, எரிச்சல் மட்டும் என்று வாரக்கணக்கில் போனால் கல்லூரியின் மனநலப் பிரிவில் காட்டச் சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணிலும் (டெலி மானஸ்) இலவசமாகப் பேசலாம்.

ரத்தத்தைப் பார்த்துத் தலைசுற்றுவது தனிச் சங்கதி. பலருக்குப் பழகப் பழகக் குறைந்துவிடும். சுற்றல் வருகிறபோது கை, கால், வயிற்றுத் தசைகளைச் சில நொடி இறுக்கித் தளர்த்தும் பயிற்சி உண்டு. மனநல மருத்துவரோ உளவியலாளரோ சொல்லித் தருவார்.

இன்னொன்று. "டாக்டர் வேண்டாம்னா நர்சிங்" என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நோயாளி பக்கத்தில் அதிக நேரம் நிற்பது நர்ஸ்தான் என்று அவரிடம் சொல்லுங்கள். எம்.பி.பி.எஸ். முடித்தபின் நோய்க்குறியியல், நுண்ணுயிரியல் என்று வார்டைக் குறைத்துக்கொள்ளும் மேற்படிப்புகளும் இருக்கின்றன. அதை இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை.

கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங் தொடங்குமுன் அவளிடம் ஒரு கேள்வி: இந்தப் படிப்பு யாருடைய ஆசை? அப்பாயியின் ஆசை, ஊரின் ஆசை என்று பதில் வந்தால் அவளை என்னிடம் அழைத்து வாருங்கள், அப்பாவும் வரட்டும். தன் ஆசைதான் என்றால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரிகள் மூன்றையும் பட்டியலில் போடுங்கள். எது முதலில் என்பதை அவளே தீர்மானிக்கட்டும்.