அடியில் வட்டம், உள்ளே சிலுவை

கேள்வி: மாமியார் காலத்துப் பூச்சாடி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. தந்த நிறம், உடம்பெல்லாம் மயிரிழை விரிசல், தங்க வேலைப்பாடு. அடியில் வட்டத்துக்குள் சிலுவை. ஜப்பானியக் கிறிஸ்தவர்கள் செய்ததா? ‘பாரிஸ் கண்காட்சிக்குப் போய் வந்த ஜாடி’ என்பார் மாமியார். நம்பலாமா?
- வாசகி, மதுரை

பதில்: சிலுவைக்கும் ஏசுவுக்கும் சம்பந்தமில்லை அம்மா. ஜப்பானின் தென்கோடியில், இன்றைய ககோஷிமா பக்கம், சட்சுமாவை ஆண்ட ஷிமாசு குடும்பத்தின் முத்திரை அது. கொரியப் போர் முடிந்த 1598 வாக்கில் அங்கிருந்து பிடித்து வந்த குயவர்களைக் குடியேற்றி, ‘சட்சுமா’ என்றே பெயர் பெற்ற இந்த ஜாடித் தொழிலைத் தொடங்கியவர்கள் இவர்கள்தான். பீங்கான் என்று நினைத்துவிடாதீர்கள், இது மண்பாண்டம்.

மாமியார் சொல்வதற்கும் ஓர் அடிப்படை உண்டு. 1867 பாரிஸ் கண்காட்சியில் ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகனின் அரசு ஒரு பக்கம் இருக்க, சட்சுமாக்காரர்கள் தனி நாடு மாதிரி தங்கள் பெயரிலேயே பொருள்களை வைத்தார்கள். ஷோகன் ஆட்களுக்கு எப்படி எரிந்திருக்கும்! அடுத்து 1873இல் வியன்னா. அந்தக் கொரியக் குயவர்களின் வழிவந்த பன்னிரண்டாம் சின் ஜுகான் அனுப்பிய பெரிய ஜாடிகளைப் பார்த்து ஐரோப்பா சொக்கிப்போனது.

வினையும் அங்கேதான் ஆரம்பம். கேட்பவர்கள் பெருகியதும் கியோட்டோ, ஒசாகா, யோகோஹாமா என்று எல்லா ஊரிலும் ‘சட்சுமா’ செய்தார்கள். அந்த முத்திரையையும் தாராளமாகப் போட்டார்கள். ஆகவே முத்திரையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஒரு பூதக்கண்ணாடி எடுத்து, ஜாடியில் உள்ள மனிதர்களின் முகங்களைப் பாருங்கள். ஒசாகாவின் யாபு மெய்சான் பட்டறையில் செப்புத் தகட்டில் கோட்டுருவம் செதுக்கி, அதை ஜாடியில் பதித்து, மேலே கையால் தீட்டினார்கள். உள்ளங்கை அகலக் கிண்ணத்தில் ஒரு திருவிழாக் கூட்டமே நிற்கும். 1900 பாரிஸ், 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சிகளுக்குப் போனது அந்தத் தரம். உங்கள் ஜாடியில் கண்ணுக்கு இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு கோடு, அவ்வளவுதான் என்றால் அது கடைச்சரக்கு. ஆங்கிலத்தில் ‘ராயல் சட்சுமா’ என்று எழுதியிருந்தால் இன்னும் மோசம். மாமியார் காலத்தது என்பதே சந்தேகம்.

கேள்வி: அந்த விரிசலை ஒட்டித் தரலாம் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?
- அதே வாசகி

பதில்: வேண்டவே வேண்டாம். சூளையிலிருந்து எடுத்து ஆறும்போது மேல்பூச்சு மண்ணைவிட அதிகமாகச் சுருங்குவதால் வரும் விரிசல் அது. வேண்டுமென்றே வரவழைப்பது, அதுதான் அழகே. தங்கம் கடைசியாகக் குறைந்த சூட்டில் சுட்டது என்பதால் அழுத்தித் தேய்த்தால் போய்விடும். புளி, பாத்திரம் துலக்கும் பொடி எதுவும் கிட்டே வரக்கூடாது. தண்ணீரும் ஊற்றாதீர்கள், விரிசல் வழியே இறங்கிக் கறை பிடிக்கும். பூ வைத்தே ஆக வேண்டுமென்றால் காகிதப் பூ வையுங்கள்.