முதுகெலும்பில் கம்பி வைத்த பிறகு மகள் பழையபடி ஓடியாடுவாளா?

கேட்டிருப்பவர் ஓர் அம்மா. பதினைந்து வயது மகளுக்கு ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவது; வளைவு 52 டிகிரி, அறுவை சிகிச்சை செய்யச் சொல்லிவிட்டார்கள், பிள்ளை பள்ளியில் கோ-கோ ஆடுகிறவள். “இனி ஆயுசுக்கும் பொத்திப் பொத்தித்தான் வைத்துக்கொள்ள வேண்டுமா?” என்பது கேள்வி.

வேண்டாம். நான் மருத்துவர் இல்லை. என் முதுகில் இரண்டு டைட்டானியம் கம்பியும் பதினெட்டு ஸ்க்ரூவும் இருக்கின்றன, பேச எனக்கிருக்கும் தகுதி அவ்வளவுதான். 2014 மே மாதம், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு மதுரையில் வைத்தார்கள். டி4 முதல் எல்1 வரை, அதாவது நெஞ்சுப் பகுதியின் நாலாவது எலும்பிலிருந்து கீழ் முதுகின் முதல் எலும்பு வரை, பத்து முள்ளெலும்புகள். ஊர் கொடைக்கானல். அப்பா ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவர். அது இந்தக் கதைக்குத் தேவைப்படும்.

வளைவைக் கண்டுபிடித்தது டைலர் அக்கா. எட்டாம் வகுப்பு யூனிஃபார்முக்கு அளவெடுத்தவர், “உனக்குத் தைச்சா மட்டும் ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது, நேரா நில்லு பாப்பா” என்று இரண்டு தடவை அதட்டினார். நேராகத்தான் நின்றுகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் குனிந்து காலைத் தொடச் சொன்னார்கள். முதுகில் வலது பக்க விலா மட்டும் மேடாக எழும்பியது. எக்ஸ்ரேயில் 34 டிகிரி. இடுப்பிலிருந்து அக்குள் வரை இறுக்கும் பிளாஸ்டிக் பெல்ட் கொடுத்தார்கள். மதுரைப் பிள்ளைகள் அதைப் போட்டு வேர்த்து வழிவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்க் குளிருக்கு எனக்கு அது இன்னொரு ஸ்வெட்டர். ஆனாலும் வெட்கம். பள்ளிக்குப் போகும் வழியில் தோழி வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, திரும்பும்போது மாட்டிக்கொண்டு வருவேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், தினமும் பதின்மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பெல்ட் போட்ட பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு வளைவு அறுவை சிகிச்சை அளவுக்குப் போகவில்லை. நான் போட்டது ராத்திரி ஏழெட்டு மணி நேரம். பத்தாம் வகுப்பு முடியும்போது 56.

அறுவை சிகிச்சையைப் பற்றி ஒன்றே ஒன்று புரிந்துகொண்டால் போதும். எங்கள் மலையில் பேரிக்காய் மரத்துக்கு ஒட்டுக் கட்டுவார்கள். சுற்றுகிற கட்டு, குச்சியை அசையாமல் பிடித்து நிறுத்துவதற்கு, மரமாக வளர்வது ஒட்டுதான். கம்பியும் ஸ்க்ரூவும் அந்தக் கட்டு மாதிரி. (அவிழ்ப்பதில்லை, உள்ளேயே இருக்கும்.) எலும்புகளுக்கு மேல் பரப்பி வைக்கிற எலும்புத் துணுக்குகள் வளர்ந்து, பத்து எலும்பும் ஒரே எலும்பாகக் கூட வேண்டும். அதற்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும். குனியாதே, திரும்பாதே, தூக்காதே என்று சொல்வதில் பெரும்பாலானவை அந்த ஒட்டுப் பிடிக்கும் வரைக்கும்தான்.

இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. வீட்டிலும் தெரியாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் “கடினமான செயல்களைத் தவிர்க்கவும்” என்று ஒரு வரி இருந்தது. எதுவரைக்கும் என்று இல்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பி.டி. சார் என்னை இரண்டு வருஷம் நாற்காலியில் உட்கார வைத்து ஸ்கோர் எழுதச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், சீட்டில் இருந்ததைத்தான் படித்தார். அதனால் சொல்கிறேன்: ஒவ்வொரு “கூடாது”க்கும் மருத்துவரிடம் தேதி கேட்டு வாங்குங்கள். குடம் எப்போது தூக்கலாம், சைக்கிள் எப்போது, ஓட்டம் எப்போது, கோ-கோ எப்போது? எழுதி வாங்கி, ஒரு நகலைப் பள்ளியில் கொடுங்கள்.

முதல் வாரம் கஷ்டம்தான், மறைக்கவில்லை. இரண்டாம் நாளே பிடித்து நிற்க வைத்துவிட்டார்கள். தலை சுற்றியது, அதைவிட, தரை தூரத்தில் தெரிந்தது. ஒரே நாளில் நாலு சென்டிமீட்டர் உயரம் கூடியிருந்தது. படுக்கையில் திரும்புவதென்றால் மரக்கட்டை உருள்கிற மாதிரி தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். மூன்று பந்து வைத்த டப்பா ஒன்றைக் கொடுத்து மூச்சை இழுத்துப் பந்தை ஏற்றச் சொல்வார்கள். உங்கள் மகள் அலுத்துக்கொண்டாலும் விடாதீர்கள். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும், அதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஏழாம் நாள் காரில் ஊருக்கு. முன் சீட்டைச் சாய்த்து, இரண்டு பக்கமும் தலையணை. காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும், ஒவ்வொரு வளைவிலும் என் உடம்பு தன்னால் சாயப் பார்க்கும், முதுகு வராது. வெள்ளி நீர்வீழ்ச்சியில் நிறுத்தி, சுற்றுலாக் கூட்டத்துக்கு நடுவே பத்து நிமிஷம் நடந்தேன். ஒரு குரங்கு என்னை விட்டுவிட்டு அம்மா கையில் இருந்த பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். சிரித்தாலும் வலித்தது.

கிளம்பும் முன்பே வீட்டில் செய்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் தரைமட்டக் கழிப்பறை. நாற்காலி மாதிரி வைக்கிற கம்மோடு ஸ்டாண்டை வந்த பிறகுதான் தேடி அலைந்தார்கள். நீங்கள் இப்போதே வாங்கி வையுங்கள். பாடப்புத்தகமும் வீட்டுக்கு ஒரு செட், பள்ளிக்கு ஒரு செட்.

அப்புறம் நடை. நடையைத் தவிர வேறு உடற்பயிற்சி முதல் மூன்று மாதம் எனக்குக் கிடையாது. கொடைக்கானலில் எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். சமதளம் என்றால் ஏரிக்கரை ரோடுதான், சுற்றி வந்தால் ஐந்து கிலோமீட்டர். அப்பா கடை திறக்கக் காலையில் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். முதல் நாள் கடையிலிருந்து ஐந்தாவது விளக்குக் கம்பம் வரை போய்த் திரும்பினேன். மறுநாள் ஆறாவது. எனக்கு முதுகுவலியைவிட வாடகைக் குதிரைகள்தான் பயம். பின்னாலிருந்து குளம்புச் சத்தம் கேட்டால் ஓரமாக ஒதுங்கி, அது போகும் வரை நிற்பேன். ஆகஸ்ட்டில் ஒரு நாள் முழுச் சுற்று முடித்தேன். ஒரு மணி ஐம்பது நிமிஷம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, வேகவைத்த சோளம் வாங்கிக் கொடுத்தார்.

குளிர் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. தழும்பைச் சுற்றித் தோல் மரத்துப் போயிருக்கும், எனக்கு இன்றைக்கும் உள்ளங்கை அகலத்துக்கு உணர்ச்சி குறைவு. டிசம்பர் குளிரில் முதுகு பிடித்துக்கொண்டதென்று ஹாட் வாட்டர் பேக் வைத்துப் படுத்தேன். இதமாகக்கூடத் தெரியவில்லை. காலையில் அம்மாதான் கொப்புளத்தைப் பார்த்தார். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வையுங்கள். “குளிரில் கம்பி ஜில்லென்று ஆகாதா?” என்று எல்லாரும் கேட்பார்கள். ஆகாது, அது உடம்புச் சூட்டிலேயே இருக்கிறது. இறுகுவது சதை.

நவம்பர் செக்கப்பில் மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, “சமதளத்தில் சைக்கிள் ஓட்டலாம்” என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்து கேட்டால், “வேணாம்த்தா, சீசன் முடியட்டும்.” சீசன் முடிந்த பின், “மழை நிக்கட்டும்.” யார் யாருக்கோ முப்பது சைக்கிள் எடுத்துக் கொடுக்கிறவர், எனக்கு ஒன்று தர ஐந்து மாதம் இழுத்தடித்தார். ஏப்ரலில் ஒரு நாள் காலை, வரிசையில் கடைசியில் நின்ற பழைய லேடீஸ் சைக்கிளை எடுத்து ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். ஹேண்டில்பாரின் தண்டைத் தளர்த்தி, எவ்வளவு வருமோ அவ்வளவு மேலே தூக்கினார். என்னை ஏற்றிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்று என் முதுகைப் பார்த்தார். இறங்கச் சொன்னார். சீட்டை ஒரு விரல் இறக்கினார். மறுபடி ஏறச் சொன்னார். நாலைந்து தடவை இப்படி. குனியாமல், நிமிர்ந்த மேனிக்கே பிடித்து ஓட்டுகிற மாதிரி வந்ததும், அதைத் தருவார் என்று பார்த்தால், “முதல் ரவுண்டு இதுல” என்று டபுள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன்னால் அவர், பின்னால் நான். பதினாறு வயதுப் பெண், மொத்தக் கரையும் வேடிக்கை பார்க்க, அப்பா பின்னால் உட்கார்ந்து பெடல் மிதித்து ஏரியைச் சுற்றினேன். மானம் போனது. ஆனால் இரண்டாவது ரவுண்டு தனியாக.

பயம் மருத்துவருக்கு முடிந்த பிறகும் வீட்டில் முடியாது, இதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். அப்பத்தா இன்றைக்கும் நான் குனிந்தால் “பாத்து, பாத்து” என்கிறார். இருபத்தேழு வயதாகிறது எனக்கு.

சரி, உடம்பு நிஜமாகவே என்ன செய்கிறது, என்ன செய்யாது? மனிதர்கள் குனிவது பெரும்பாலும் இடுப்பு மூட்டிலும் கீழ் முதுகிலும்தான். விலா எலும்புகள் பிடித்திருப்பதால் நெஞ்சுப் பகுதி முதுகெலும்பு யாருக்கும் அதிகம் வளையாது. என் கம்பி எல்1-ல் முடிகிறது, அதற்குக் கீழே எல்லாம் தாராளமாக அசையும். கோலம் போடுகிறேன், காலைத் தொடுகிறேன், பதினைந்து லிட்டர் தண்ணீர்க் கேன் தூக்குகிறேன். முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டி. பந்து மாதிரி சுருண்டு படுக்க வராது. குட்டிக்கரணம் போனது போனதுதான். பின்னால் யாராவது கூப்பிட்டால் ஆளோடு திரும்ப வேண்டும், போலீஸ்காரர் மாதிரி. கம்பிக்குக் கீழே உள்ள மூட்டுகள்தான் இனி ஆயுசுக்கும் கூடுதல் வேலை பார்க்கும் என்பதால், வயிறு, இடுப்புச் சதைக்கான பிசியோ பயிற்சியை நான் நிறுத்தவில்லை. உங்கள் மகளுக்குக் கம்பி எல்3, எல்4 வரை போனால் கணக்கு வேறு, வளைவது குறையும். எதுவரை வைப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கோ-கோ பற்றி. ஓட்டம், துரத்தல் இதெல்லாம் ஒட்டுப் பிடித்த பிறகு வரும் என்றே நினைக்கிறேன். எனக்கு ஓட்டத்துக்கு ஒரு வருஷத்தில் அனுமதி வந்தது. குந்தி உட்கார்ந்து சட்டென்று எழுவதும், கம்பத்தைப் பிடித்துப் பாய்ந்து விழுவதும் வேறு விஷயம். அதை மட்டும் மருத்துவரிடம் நடித்தே காட்டிக் கேளுங்கள். கோ-கோ தெரியாத மருத்துவர் “ஓடலாம்” என்று பொதுவாகச் சொல்லிவிடுவார். கபடி எனக்கு வேண்டாம் என்றார், நான் வாதாடவில்லை. மகள் சோர்ந்து போனால் ஸ்டேசி லூயிஸைத் தேடிக் காட்டுங்கள். அமெரிக்க கோல்ஃப் வீராங்கனை, ஏழு வருஷத்துக்கு மேல் பெல்ட் போட்டு, பிறகு முதுகில் ஒரு கம்பியும் ஐந்து ஸ்க்ரூவும். 2013-ல் உலகத் தரவரிசையில் முதலிடம். எங்கள் ஊரில் கோல்ஃப் மைதானம் இருக்கிறது, வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். அந்த ஆட்டம் முழுக்க முதுகை முறுக்குவதுதான்.

சொந்தக்காரர்கள் கல்யாணம், பிரசவம் பற்றிக் கேட்பார்கள். என் அத்தை நான் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டார். குழந்தை பெற இது தடையில்லை. பிரசவ நேரத்தில் முதுகில் போடும் மயக்க ஊசிக்கு மட்டும், கம்பி எதுவரை இருக்கிறது என்று மயக்க மருத்துவருக்கு முன்னாலேயே எக்ஸ்ரே காட்ட வேண்டும்.

காய்ச்சல், காயத்தில் கசிவு, காலில் புதிதாக மரத்துப் போவது அல்லது பலம் குறைவது, சிறுநீர் அடக்க முடியாமை, இதில் எது வந்தாலும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் வட்டக்கானலில் இருந்து டால்ஃபின் நோஸ் வழியாக வெள்ளகவி வரை இறங்கினேன். அப்போது அங்கே வண்டி போகும் ரோடு கிடையாது, கல்லும் வேருமாக ஒற்றையடிப் பாதை. இறக்கத்தில் காலடியைப் பார்க்க முதுகு வளையாது, கழுத்தையும் முழங்காலையும் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். கையில் ஒரு குச்சி, பையின் கனம் இடுப்புப் பட்டையில். தோழிகளைவிட முக்கால் மணி நேரம் அதிகம் எடுத்தது. ஊருக்குள் செருப்பு போடக் கூடாது என்பது அங்கே வழக்கம், நுழையும் முன் ஷூவைக் கழற்ற வேண்டும். தோழி கழற்றிவிட வந்தாள், வேண்டாம் என்று ஒரு கல்லில் உட்கார்ந்து, காலைத் தூக்கி மடியில் வைத்து, லேஸை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். திண்ணையில் இருந்து ஒரு பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னத்தா, குச்சிய முழுங்குன மாதிரி உக்காந்திருக்க?”

முதுகில் கம்பி வைத்திருக்கிறது பாட்டி, இரண்டு, என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். “துருப் பிடிக்காதா?”

“பிடிக்காது.”

“அப்பச் சரி. காப்பி குடிக்கிறியா?”