பாயின்ட் 22 ரைபிள் கோளாறுகள்: கேள்வி பதில்

சிங்கப்பூரில் 50 மீட்டர் ரைபிள் பயிலும் கிளப் உறுப்பினர்களின் கேள்விகளுக்கு மூத்த உறுப்பினர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: ஐயா, விசையை இழுத்தும் சில தோட்டாக்கள் வெடிப்பதில்லை. கோளாறு ரைபிளிலா, தோட்டாவிலா?

பதில்: முதலில் குழலை இலக்குத் திசையிலேயே வைத்து, குறைந்தது 30 விநாடி காத்திருந்து, தளப் பொறுப்பாளரிடம் தெரிவித்த பிறகே தோட்டாவை வெளியே எடுங்கள். பாயின்ட் 22 (0.22 அங்குல விட்டம்) தோட்டாவில் வெடிப்பைத் தூண்டும் கலவை அடிப்பாகத்தின் விளிம்புக்குள் பரப்பப்பட்டிருக்கும். அது சரியாகப் பரவாத இடத்தில் ரைபிளின் அடிக்கும் ஊசி பட்டால் தோட்டா வெடிக்காது. விளிம்பில் பதிந்த தடம் ஆழமாக இருந்தால் தோட்டாவைச் சந்தேகியுங்கள். ஒழுங்காக வெடித்த தோட்டாக்களின் வெற்று ஓடுகளிலும் தடம் மேலோட்டமாகவே இருந்தால் ஊசி தேய்ந்திருக்கலாம், சுருள்வில் தளர்ந்திருக்கலாம். ஆனால் போல்ட்டுக்குள், அதாவது குழலின் பின்புறத்தை மூடித் திறக்கும், ஊசி அடங்கிய பகுதிக்குள், பழைய எண்ணெய் கெட்டிப்பட்டு ஊசியின் வேகத்தைக் குறைக்கிறதா என்பதையே முதலில் பார்க்கச் சொல்வேன், ஏனெனில் அதற்குச் செலவே இல்லை. கீழே கிடக்கும் ஓடுகளைப் பார்க்காமலே புதிய ஊசி வாங்க ஓடுபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

கேள்வி: தோட்டா குழலின் பின்முனையிலுள்ள அறைக்குள் சிரமப்பட்டே நுழைகிறது, சுட்ட பின் வெற்று ஓட்டினை எடுப்பதும் கடினமாக உள்ளது.

பதில்: தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பயிற்சி செய்தீர்களா? பல பழைய ரைபிள்களில் அவ்வாறு செய்தால் ஊசி அறையின் வாய் விளிம்பிலேயே மோதி, உலோகத்தைப் பள்ளமாக்கிப் பிசிறை உள்ளே தள்ளிவிடும். அப்பிசிறை ஒருபோதும் அரத்தால் ராவக்கூடாது. அறை அகன்றுவிட்டால் ஓடு அந்த இடத்தில் தாங்கல் இன்றிப் புடைக்கும், பிளக்கவும் கூடும். ஒதுங்கிய உலோகத்தைப் பழைய இடத்துக்கே அழுத்தித் தள்ளும் கருவி உண்டு. அதைக் கையாள்வது உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுநரின் வேலை.

கேள்வி: குண்டுகள் முன்போல் ஓரிடத்தில் விழாமல் சிதறுகின்றன.

பதில்: தோட்டாவின் பிராண்டை அண்மையில் மாற்றினீர்களா என்று பாருங்கள், ஈயக் குண்டின் மேலுள்ள மெழுகு குழலில் படிந்து நிலைபெறச் சில குண்டுகள் தேவைப்படும். மாற்றவில்லை என்றால், அறைக்குச் சற்று முன்னால் வளையமாகப் படியும் கரியே பெரும்பாலும் காரணம். போல்ட்டைக் கழற்றி, துலக்கும் கோலுக்கு வழிகாட்டிக் குழாய் வைத்து, பின்பக்கத்திலிருந்தே துலக்குங்கள். முன்வாயிலிருந்து கோலைச் செலுத்தினால் குண்டு வெளியேறும் விளிம்பு தேய்ந்து, சிதறல் நிரந்தரமாகிவிடும்.

கேள்வி: துருவைத் தடுக்க என்ன செய்வது?

பதில்: நமது ஈரப்பதத்தில் பஞ்சு வைத்த பெட்டியே முதல் எதிரி. வியர்வையைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசிய பின்பே கிளப்பின் ஆயுதக் கிடங்கில் ஒப்படையுங்கள்.

கேள்வி: துலக்கும்போது கோல் ஓரிடத்தில் திடீரெனத் தளர்கிறது, குழலுக்குள் கருவளையமும் தெரிகிறது.

பதில்: உள்ளே சிக்கிய குண்டின் மேல் மற்றொன்று சுடப்பட்டதால் குழல் புடைத்திருக்கலாம். அதைப் பழுதுபார்க்க வழியில்லை, பெரும்பாலும் குழலையே மாற்ற வேண்டும். பழுதுநர் பார்க்கும்வரை அந்த ரைபிளால் சுடாதீர்கள்.